நாலாவது லேன் நாற்காலி

பாப்பா நீச்சல் போகுதாம்மா? இல்ல, கண்ணைச் சுத்தி வட்டமாத் தடம் விழுந்திருக்கே, அதான் கேட்டேன். கண்ணாடிய இறுக்கிப் போட்ட தடம். காலையில பிராக்டீஸ் முடிச்ச கையோட பஸ் ஏத்திட்டீங்க போல, முடி இன்னும் காயல. தூங்கட்டும், தூங்கட்டும். அந்தத் துண்டை மட்டும் தலைக்குக் கீழ வச்சிடுங்க, ஜன்னல் கம்பி இடிக்கும்.

மதுரைக்குத்தானே? நாளைக்கு நீச்சல் மீட்டுக்கா, போட்டிக்கு? அட, நானும் அதுக்குத்தாம்மா போறேன். பிள்ளையக் கூட்டிட்டு இல்ல, நான் ஜட்ஜ். டர்ன் ஜட்ஜுன்னு சொல்வாங்க. குளத்தோட கடைசியில லேனுக்கு ஒரு நாற்காலி போட்டு வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டையில உக்காந்திருப்போம் பாத்திருப்பீங்களே, அவங்கதான். பிள்ளைங்க நீந்தி வந்து சுவத்தைத் தொட்டுத் திரும்புறப்ப எந்திரிச்சுக் குனிஞ்சு பாப்போம். சரியாத் தொட்டுச்சா, சரியா உதைச்சுச்சா, அவ்வளவுதான் வேலை. திருச்சியில ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தேன். லூர்துமேரி டீச்சர்னா குளத்துப் பக்கம் வர்ற எல்லாருக்கும் தெரியும். இப்ப ரிட்டயர்டு. ஆனா ஜட்ஜ் வேலைய விடல. இதுவரைக்கும் ஒரு மீட்டும் தவறினதில்ல.

பாப்பா என்ன ஸ்ட்ரோக்?

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கா. ம். என் பொண்ணும் அதுதாம்மா.

கஷ்டமான ஸ்ட்ரோக். பாத்தா தவளை போற மாதிரி சாதுவா இருக்கும். ஆனா ஜட்ஜுக்கு அதுலதான் வேலை அதிகம். ஃப்ரீஸ்டைல்ல வேகமாப் போனாப் போதும். இதுல ரெண்டு காலும் சேந்து உதைக்கணும், ரெண்டு கையும் சேந்து வரணும், சுவத்தைத் தொடுறப்ப ரெண்டு கையும் ஒரே நேரத்துல தொடணும். ஒரு கை முன்ன, ஒரு கை பின்னன்னு வந்துச்சா, போச்சு. அந்தப் பிள்ளை முதல்ல வந்தாலும் வராத மாதிரிதான். ஜட்ஜ் கையத் தூக்கிட்டா டிஸ்குவாலிஃபை. பாப்பாகிட்ட கோச் சொல்லியிருப்பாரு, நீங்களும் சொல்லி வைங்க.

ஆனா நாங்க சும்மா சும்மா தூக்க மாட்டோம். எங்களுக்கு கிளாஸ் எடுத்த தனபால் சார் முதல் நாளே சொல்லிட்டாரு. கண்ணால பாக்காததுக்குக் கையத் தூக்காதீங்க. இருக்குமோன்னு தோணுச்சுன்னா கைய மடியிலயே வச்சுக்கங்க. சந்தேகம்னு வந்தா அதோட பலன் பிள்ளைக்குத்தான் சேரணும். அப்படி நான் எத்தனை பிள்ளைங்கள விட்டிருக்கேன் தெரியுமா? சிவகாசிப் பையன் ஒருத்தன். கால் கத்தரிக்கோல் மாதிரி போச்சோன்னு இருந்துச்சு. அன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கலங்கல். நான் கையத் தூக்கல. அவன் மெடல் வாங்கினான், இப்ப போலீஸ்ல இருக்கான். எங்க பாத்தாலும் வண்டிய நிறுத்தி டீச்சர்னு கும்புடுவான். அவன் அம்மா என்னைப் பத்தித் தப்பா நெனப்பாளா? நெனக்க மாட்டா இல்ல?

என் பொண்ணு பேரு பெனிட்டா. பெனின்னு கூப்புடுவோம். எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா பயம், எனக்கு உசிரு. பிள்ளை என்ன மாதிரி வந்துட்டா. ஸ்கூல் விட்டா குளம், குளம் விட்டா வீடு. பசியோட வருவா பாருங்க, பொரிவிளங்காய் உருண்டை செஞ்சு வச்சிருப்பேன். அது கல்லு மாதிரி இருக்கும். கடைவாயில வச்சு மடக்குன்னு கடிப்பா, அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். இந்தப் பையில இருக்கறது அதுதான். நேத்து இடிச்சுப் பிடிச்சேன். தோளு ரெண்டும் வலி. ஆனா கடையில வாங்கினா அந்த ருசி வராதுல்ல.

சின்னதுல சைக்கிள்ல இருந்து விழுந்து அவளுக்கு இடது முழங்கை உடைஞ்சுது. கட்டுப் பிரிச்சப்புறம் பழையபடி நீந்தினா. ஆனா சுவத்தைத் தொடுறப்ப இடது கை ஒரு துளி பின்தங்கும். மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது, என் கண்ணுக்குத் தெரியும். பெத்தவ கண்ணு, அதுலயும் ஜட்ஜ் கண்ணு. விடுவேனா? வீட்டுல ஹால் சுவத்துக்கு முன்னால நிக்க வச்சு, ரெண்டு கையையும் நனைச்சுட்டு, ஓடி வந்து தொடு, ஓடி வந்து தொடுன்னு பழக்கினேன். இடது கை பிந்தினா முழங்கையில ஸ்கேலால ஒண்ணு வைப்பேன். உள்ளங்கை ரெண்டும் பட்டுப் பட்டு அந்த இடத்துல வெள்ளையடிச்சதே கறுத்துப் போச்சு. கடைசியில அவ கோச் வந்து, டீச்சர், இனிமே அடிக்காதீங்க, அது சரியாயிடுச்சுன்னாரு. சரியாயிடுச்சுன்னு அவர் சொல்றாரு. பழக்கம் அவ்வளவு லேசுல போகுமா? எனக்கு உள்ளுக்குள்ள அந்தக் கை மேல ஒரு கண்ணு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

விராலிமலை தாண்டிட்டோமா? தாண்டியாச்சு போல.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டும்மா. எங்க மீட்டுல பாதி ஜட்ஜுக்குப் பிள்ளைங்க அதே குளத்துல நீந்தும். அதனால சொந்தப் பிள்ளை நம்ம லேன்ல வந்தா, சத்தமில்லாம எந்திரிச்சுப் பக்கத்து நாற்காலிக்காரர்கூட இடம் மாத்திக்குவோம். ரெஃப்ரீகிட்ட கேக்க வேண்டியதில்ல, ஒரு தலையாட்டல் போதும். நானும் தேவராஜ் சாரும் எத்தனையோ தடவை மாத்தியிருக்கோம். அவர் பையன் வந்தா நான் அங்க, பெனி வந்தா அவர் இங்க. நல்ல வழக்கம்தான். நான் இல்லேன்னு சொல்லல.

அந்த வருஷம் ஸ்டேட் மீட் சென்னையில. பெனிக்குப் பதினேழு வயசு. ஜூனியர்ல அதுதான் கடைசி வருஷம். இருநூறு மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்ல ஜெயிச்சா நேஷனல்ஸ். அது ஒண்ணுக்காக ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளை ஒரு கல்யாணம், ஒரு திருவிழா பாக்கல. கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட பூசை முடிஞ்சதும் குளத்துக்குப் போனவ. காலையில நடந்த ஹீட்ஸ்ல, அதான் முதல் ரவுண்டுல, அவதான் முதல். அதனால ஃபைனல்ல அவளுக்கு நடு லேன், நாலாவது லேன். நாலாவது லேன் நாற்காலி என்னோடது.

மத்தியானம் கேலரிக்குக் கீழ டீ குடிச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டாவதா வந்த பொண்ணு வைஷாலின்னு ஒருத்தி. அவளோட அப்பா நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்றாரு, "அம்மா ஜட்ஜு, பொண்ணு ஃபர்ஸ்ட்டு. நம்ம பிள்ளைங்க எதுக்கு விடியக்காலையில எந்திரிச்சுத் தண்ணி குடிக்கணும்?" சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. சிரிச்சதுல ஒருத்தர் எனக்குத் தெரிஞ்ச டீச்சர். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? அத்தனை வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உக்காந்தவ நான். ஒரு பைசா, ஒரு புடவை யார்கிட்டயும் வாங்கினவ இல்ல. என்னப் பாத்து அந்தச் சிரிப்பு. டீ கப்ப அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் ஃபைனல். பிள்ளைங்க அந்தக் கோடியில வரிசையா நிக்கிறாங்க. தேவராஜ் சார் எந்திரிச்சு, "டீச்சர், மாறிக்குவோமா?"ன்னாரு. நான் கேலரியப் பாத்தேன். அந்த ஆள் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்குறான். நான் எந்திரிச்சா என்ன சொல்லுவான்? பக்கத்துல உள்ளவருக்குச் சொல்லிக் குடுத்துட்டு மாறிட்டான்னு சொல்லுவான். நான் ஏம்மா மாறணும்? தப்பு செய்யறவங்கதானே எந்திரிச்சுப் போகணும்? "வேண்டாம் சார், நானே பாத்துக்கறேன்"னேன். அவர் ஒரு மாதிரி பாத்துட்டு உக்காந்துட்டாரு.

விசில் ஊதினாங்க, குதிச்சாங்க. இருநூறு மீட்டர்னா நாலு நீளம். அதுல ரெண்டு தடவை எங்க பக்கம் வந்து திரும்புவாங்க. முதல் தடவை பெனி வந்தா. குனிஞ்சு பாத்தேன். ரெண்டு கையும் டப்புன்னு ஒண்ணா விழுந்துச்சு, ஒரே சத்தம். திரும்பிப் போயிட்டா. என் பிள்ளை என் காலடியில வந்துட்டுப் போறா, ஒரு தட்டுத் தட்டி நல்லாப் போடின்னு சொல்லலாமான்னு இருக்கு. சொல்லக் கூடாது. சொல்லவும் இல்ல.

ரெண்டாவது தடவை வர்றா. வெயில் மேக்கால இறங்கித் தண்ணியில பட்டுக் கண்ணைக் குத்துது. அஞ்சாவது லேன்ல வைஷாலியும் ஒட்டினாப்புல வர்றா, ரெண்டு பேருக்கும் நடுவுல தண்ணி தெறிக்குது. கேலரியே என் முதுகைப் பாக்குற மாதிரி முதுகெல்லாம் சுடுது. பெனி சுவத்துக்கு வந்துட்டா. வலது கை தொட்டுச்சு, அதப் பாத்தேன். இடது கை... இடது கை பின்னாலதான் வந்திருக்கும். அவளுக்கு அது அப்படித்தான் வரும். எனக்குத் தெரியாதா? நான்தானே அந்தக் கைய வளத்தேன். என் கை எப்ப மேல போச்சுன்னு எனக்கே தெரியலம்மா. நிமிந்து பாக்குறேன், என் கை தலைக்கு மேல நிக்குது.

கையத் தூக்கிட்டா ரெஃப்ரீ பாக்குற வரைக்கும் எறக்கக் கூடாது. அது ரூல். அவர் அந்தப் பக்கம் நிக்கிறாரு. பெனி கடைசி நீளம் போறா. அந்த மாதிரி அவ நீந்தி நான் பாத்ததே இல்ல. வைஷாலி எங்கயோ பின்னால போயிட்டா. பெனி போய்த் தொட்டா. போர்டப் பாத்தா, பேரு மேல வந்திருக்கு. தொப்பியக் கழட்டித் தண்ணியில அடிச்சா. உடனே திரும்பி இந்தக் கோடியப் பாத்தா, என்னத் தேடி.

நான் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்.

அவ என்ன நெனச்சா தெரியுமா? அம்மா தனக்குத்தான் கையாட்டுறாங்கன்னு நெனச்சுட்டாம்மா. சிரிச்சுக்கிட்டு அவளும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினா. நான் எறக்க முடியாம நிக்கிறேன், அவ ஆட்டிக்கிட்டே இருக்கா. அந்தச் சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு நான் பாக்கல. தனபால் சார்தான் அன்னைக்கு ரெஃப்ரீ, அவர் என் முன்னால வந்து நின்னுட்டாரு.

"டீச்சர், என்ன பாத்தீங்க?"ன்னாரு. வலது கை முதல்ல, இடது கை பின்னாலன்னேன். "நிச்சயமா?"ன்னாரு. "நிச்சயம் சார்." அவர் கொஞ்சம் குனிஞ்சு, மெதுவாச் சொன்னாரு, "வெயில் நேரா அடிக்குது. நல்லா யோசிச்சுக்கங்க. எறக்கறதுன்னா இப்பவே எறக்கிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." எனக்குச் சுருக்குன்னுச்சு. "என் பொண்ணுங்கறதால எறக்கச் சொல்றீங்களா சார்?"னு கேட்டேன். மனுஷன் திரும்பிப் போயிட்டாரு.

மைக்குல சொன்னாங்க. நாலாவது லேன் டிஸ்குவாலிஃபைடு. கேலரியில எவரோ கை தட்டினாங்க. எனக்கும்மா! பெத்த பொண்ணையே தூக்கிட்டாங்கன்னு எனக்குக் கை தட்டினாங்க. அந்த வைஷாலி அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. பேசின வாய் அடைஞ்சுதா இல்லையா?

பெனியோட கோச் ஓடி வந்தாரு. அப்பீல் பண்ணலாம், அரை மணிக்குள்ள எழுதிக் குடுத்தா கமிட்டி கூடும்னு அவகிட்ட சொல்றாரு. அவ துண்டைப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. "வேண்டாம் சார்"ங்கறா. "ஏம்மா, உனக்குத் தெரியுமில்ல நீ ஒழுங்காத் தொட்டது?"ன்னாரு. அதுக்கு அவ, "எங்கம்மா பொய் சொல்றாங்கன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன் சார்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. நான் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். அப்ப என்ன அர்த்தம்? தப்பு நடந்தது அவளுக்கே தெரியும்னுதானே? இல்லாட்டி எழுதிக் குடுத்திருப்பாளே. நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டேங்கறீங்க. சரி விடுங்க.

அன்னைக்கு நிறைவு விழாவுல எனக்குப் பொன்னாடை போத்தினாங்கம்மா. எந்த ஜட்ஜுக்குப் பொன்னாடை போத்தியிருக்காங்க? வைஷாலிக்கு மெடல் போட்ட அதே மேடை. கீழ பெனி உக்காந்திருந்தா. எல்லாரும் தட்டுறாங்கன்னு அவளும் தட்டினா. மறுநாள் பேப்பர்ல படம் போட்டு நாலு வரி வந்துச்சு. லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கேன். அந்தக் கறுத்த சுவத்துக்கு நேர் எதிர்ல.

ரயில்ல ஊருக்கு வர்றப்ப அந்தச் சால்வை என் தோள்லயே இருந்துச்சு. பெனி எதிர்ல உக்காந்திருந்தா. விருத்தாசலம் தாண்டினதும் கேட்டா, "அம்மா, நீ பாத்தியா?"

"அதான் கையத் தூக்கினேனேடி"ன்னேன்.

"அது தெரியும்மா. நீ பாத்தியான்னு கேக்கறேன்."

ஜட்ஜப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? அதுவும் அம்மாவ! எனக்குக் கோபம் வந்துடுச்சு. "உன் கை எனக்குத் தெரியாதா?"ன்னு சத்தம் போட்டேன். அவ அழல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. யாருக்கோ சொல்ற மாதிரி சொன்னா, "எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கறத எனக்கும் ஒரு தடவை குடுத்திருக்கலாம்லம்மா."

என்ன பேச்சு பாருங்க. சந்தேகம் இருந்தாத்தானே குடுக்க முடியும்? எனக்குச் சந்தேகமே இல்லையே!

ஒரு மாசம் கழிச்சு அந்த வைஷாலி அப்பா வீட்டுக்கே வந்தாரு. கூடவே அந்தப் பொண்ணு. ஃபோன்ல எடுத்த வீடியோவப் பெனிகிட்ட காட்டி, "எங்கள மன்னிச்சுடும்மா, நீ சரியாத்தான் தொட்டிருக்க"ன்னாரு. அந்தப் பொண்ணு மெடலக் கழட்டிப் பெனி கையில வச்சா. பெனி அத அவ கழுத்துலயே திருப்பிப் போட்டுவிட்டா. எங்க வீட்டுக்காரர் வீடியோவத் தன் ஃபோனுக்கு ஏத்திக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நான் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? கேலரியில இருந்து சாய்ச்சு எடுத்ததுல என்ன தெரியும்? நேர்ல குனிஞ்சு நின்ன கண்ணுக்குத் தெரியாததா ஃபோனுக்குத் தெரியும்? மீட்டுலயே வீடியோவ ஏத்துக்க மாட்டாங்க. இன்னும் அது எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல இருக்கு. ஒரு நாள் பாரேன் லூர்துங்கறாரு. ஏழு வருஷமாச் சொல்றாரு. நான் பாக்கல.

அதுக்கப்புறம் பெனி தண்ணியில இறங்கல. காலேஜுக்குக் கோயம்புத்தூர் போனா, அங்கயே கோச்சாயிட்டா. சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாளாம், நல்ல பேராம். வீட்டுக்கு வருவா. கிறிஸ்துமஸுக்கு வருவா, ரெண்டு நாள் இருப்பா. சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட்டாலாவது பரவாயில்லையே! சாப்பிடறியான்னா "ம்", படுக்கறியான்னா "ம்". உருண்டை செஞ்சு வச்சா, பல்லு கூசுதும்மான்னு அப்பாகிட்ட குடுத்துடுவா. ஹால்ல வெள்ளையடிக்கணும்னு இவர் ஒரு தடவை ஆள் கூட்டிட்டு வந்தாரு. அந்தச் சுவத்துல கை வைக்கக் கூடாதுன்னு நான் ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். பிள்ளை இல்லாத வீட்டுல வேற என்னம்மா இருக்கு? மத்தியானம் தனியா இருக்கறப்ப அந்த ரெண்டு கைத் தடத்துக்கும் மேல என் கைய வச்சுப் பாப்பேன். ரெண்டும் ஒரே மட்டம். நூல் பிடிச்ச மாதிரி.

இந்தத் தடவை பெனி மதுரைக்கு வர்றா. அவகிட்ட நீச்சல் கத்துக்கற பிள்ளைங்கள மீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா. நான் ஜட்ஜா உக்காந்திருக்கற குளத்துக்கு அவ வர்றது அன்னைக்கப்புறம் இதுதான் முதல் தடவை. முந்தாநாள் அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, "அம்மா எந்த லேன்ல உக்காருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டிருக்கா. தானா கேட்டிருக்காம்மா! ஏழு வருஷத்துல என்னப் பத்தி அவ கேட்ட முதல் கேள்வி. ஆசை இல்லாமலா கேப்பா? நாலாவது லேன்தான்னு சொல்லச் சொன்னேன். இவர் ஏனோ மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, நாற்காலிய மாத்திக்கயேன் லூர்துன்னாரு. நான் ஏன் மாத்தணும்? அவ வந்து தேடுறப்ப நான் அங்க இல்லேன்னா?

இருங்கம்மா, ஃபோன் அடிக்குது. இவர்தான்.

சொல்லுங்க. ம், பஸ்லதான். மேலூர் வரப்போகுது. யாரு, பெனியா? என்ன சொன்னா? யார்கிட்ட சொன்னாளாம்? தனபால் சார்கிட்டயா? ம். ம். எல்லா ரேசுக்குமா, இல்ல பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மட்டுமா? சரி. சரிங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. சாப்பிட்டேன். வச்சிடறேன்.

ஒண்ணுமில்லம்மா. நாளைக்கும் ரெஃப்ரீ தனபால் சார்தான், பெனி அவருக்கு ஃபோன் பண்ணிப் பேசியிருக்கா. தன்னோட பிள்ளைங்க நீந்துற லேன்ல அம்மா நாற்காலி இருக்க வேண்டாம்னு கேட்டிருக்கா. அவரும் சரின்னுட்டாராம். எந்த லேன்னு அதுக்குத்தான் கேட்டாளாம்.

நல்லதுதானே. இல்லையா? அந்தப் பழைய வழக்கம்தானே அது. நாளைக்கு ஒருத்தர் நாக்கு மேல பல்லைப் போட்டு, அம்மா ஜட்ஜு, பொண்ணு கோச்சுன்னு பேசிடக் கூடாதில்ல? என் பேரைக் காப்பாத்தணும்னுதான் செஞ்சிருப்பா. அவ என் பொண்ணும்மா, ரூலு தெரிஞ்ச பிள்ளை. அதுக்குத்தான் இருக்கும். ஏங்க, அதுக்குத்தானே இருக்கும்? நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே, சொல்லுங்களேன்.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

போதும். போதும்மா. பிள்ளை முழிச்சிடுச்சு பாருங்க, என் சத்தத்துல. அழல கண்ணு, பாட்டி அழல. இந்தா, இந்த உருண்டைய எடுத்துக்க. எல்லாமே எடுத்துக்க, பைய அம்மாகிட்ட குடு. முன் பல்லுல கடிக்கக் கூடாது, கடைவாயில வச்சு மடக்குன்னு கடிக்கணும். ஆங், அப்படித்தான். சத்தம் நல்லாக் கேக்குது.

மாட்டுத்தாவணி வந்துடுச்சு, செருப்பப் பாத்துப் போட்டுக்கங்க. நாளைக்குப் பாப்பாவுக்கு எந்த லேன்? இன்னும் சொல்லலையா? என் லேன்ல வந்தா பயப்படாத கண்ணு. நீங்களும் பயப்படாதீங்கம்மா. வெயில் கண்ணைக் குத்தினாலும், தண்ணி தெறிச்சு மறைச்சாலும், நான் கைய மடியிலயே வச்சுக்குவேன். சந்தேகம்னு வந்தா அது பிள்ளைக்குத்தான். எல்லாப் பிள்ளைக்கும் நான் அப்படித்தாம்மா.